சுட வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வழிகாட்டி

ஆப்பிரிக்காவில் எருமை வேட்டைக்குப் போகிறவர்கள் முதலில் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு விலை விசாரிக்கிறார்கள். அதன்பின் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று மாதக்கணக்கில் பேசுகிறார்கள். புதருக்குள் தங்களுக்கு ஓரடி முன்னால் நடக்கப்போகிற மனிதர் யார் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சிலருக்கு அது வருவதே இல்லை; வேட்டையை ஏற்பாடு செய்யும் நிறுவனம் யாரையாவது அனுப்பும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். முதலில் ஆள், பிறகுதான் மற்றவை. ஜிம்பாப்வேயின் ஜாம்பேசிப் பள்ளத்தாக்கில் ஒரு வேட்டைக் குழுவின் பின்னால் நடந்தபின் இதில் எனக்கு ஐயமே இல்லை.

நான் வேட்டைக்காரன் அல்லன். ஹராரேயில் ஒரு சுரங்க நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே எனக்கு அண்ணன் போலிருந்த ஒருவர், நீண்ட காலமாக அந்நாட்டில் தொழில் நடத்தும் தமிழர், பண்ணை வைத்திருக்கும் நண்பர்களிடம் சுடப் பழகியவர். எருமை வேட்டைக்குப் போவதென்று முடிவானதும் என்னை அழைத்தார். “தம்பி, நாலு இடத்தில் விசாரிக்கத் தெரிந்தவன் நீ. நல்ல ஆளாகப் பார்க்கும் பொறுப்பு உன்னுடையது. நீயும் கூட வா, படம் எடு” என்றார். வேட்டைக் குழுவோடு துப்பாக்கி இல்லாமல் போகிறவருக்குப் பார்வையாளர் என்று தனிக் கட்டணமே உண்டு. அப்படித்தான் போனேன். கையில் கேமரா மட்டும் வைத்துக்கொண்டு எருமைத் தடத்தின் மேல் நடக்கிறவனுக்கு, முன்னால் போகிறவர் எப்படிப்பட்டவர் என்பதில் எல்லாரையும்விட அக்கறை அதிகம் இருக்கும்.

வேட்டை என்றதும் வாசகர்கள் பலருக்கு முகம் சுளிக்கும் என்பது தெரியும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வளர்ந்தவர்கள் நாம். ஆப்பிரிக்காவிலும் எல்லா நாடுகளும் ஒரே வழியில் போகவில்லை. கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. போட்ஸ்வானா 2014-இல் நிறுத்தி 2019-இல் மீண்டும் அனுமதித்தது. ஜிம்பாப்வேயில் ஒவ்வொரு பகுதிக்கும் ஆண்டுதோறும் எத்தனை விலங்கு என்று அளவு நிர்ணயித்து அனுமதிக்கிறார்கள். 1989-இல் தொடங்கிய கேம்ஃபயர் திட்டத்தின்படி, கிராமப் பொது நிலங்களில் நடக்கும் வேட்டையின் வருமானத்தில் ஒரு பங்கு அந்த ஊர்களின் மாவட்டக் குழுக்களுக்குப் போகிறது. இறைச்சி ஊர் மக்களுக்குப் போகிறது. யானை மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டுப் போகும் நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த விலங்கு ஏன் உயிரோடிருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் வேண்டியிருக்கிறது. சரியா தவறா என்பதில் இரு பக்கமும் நேர்மையான வாதங்கள் உண்டு. நான் இங்கே எழுதுவது, போவதென்று முடிவெடுத்தவர் யாரோடு போக வேண்டும் என்பது பற்றி மட்டும்.

அருகிலிருந்து சுடுவது என்றால் எவ்வளவு அருகில் என்பதைச் சொன்னால்தான் மற்றவை புரியும். பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் ‘ஜெஸ்’ என்று அழைக்கப்படும் புதர்க்காடு உண்டு. குச்சி குச்சியாக வேரிலிருந்தே கிளைத்து, ஒன்றோடொன்று பின்னி நிற்கும். பல இடங்களில் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கூட்டத்தை விட்டு விலகிய கிழட்டுக் கடாக்கள் பகல் வெயிலுக்கு ஒதுங்குவது இதற்குள்தான். ஓடும் எருமை மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடியது. இருபது மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி போதும். எடையோ எழுநூறு கிலோ அளவுக்கு வரும். கொம்புகளின் அடிப்பகுதி நெற்றியில் ஒன்றாகச் சேர்ந்து கெட்டியான கவசமாகிவிடும். பாயும்போது அது தலையைத் தூக்கி மூக்கை நீட்டியபடி வரும். முட்டும் கடைசிக் கணத்தில்தான் தலையைத் தாழ்த்தும். அந்த ஒன்றரை நொடியில் சரியான இடத்தில் குண்டு வைக்கக்கூடிய ஒருவர் உங்களோடு இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, அந்த ஒன்றரை நொடி வராமலே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும்.

தொழிலில் இவர்களை பி.எச். என்றே சொல்கிறார்கள், தொழில்முறை வேட்டை வழிகாட்டி. நாட்டுக்கு நாடு இந்த உரிமத்தின் கனம் வேறுபடும், விசாரணையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஜிம்பாப்வேயில் முதலில் எழுத்துத் தேர்வுகள்: சட்டம், விலங்குகளின் பழக்கமும் வாழிடமும், துப்பாக்கி, பொது அறிவு. சுடும் தேர்வு தனி. முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். இதெல்லாம் முடிந்தால் கிடைப்பது பயில்பவர் உரிமம்தான். அதன்பின் முழு உரிமம் பெற்ற ஒருவரிடம் குறைந்தது இரண்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்து, ஆபத்தான விலங்குகளோடு அனுபவம் சேர்த்து, கடைசியில் காட்டிலேயே பல நாட்கள் நடக்கும் திறன் தேர்வில் தேற வேண்டும். மூத்த வழிகாட்டிகளும் வனத்துறை அதிகாரிகளும் கூடவே இருந்து, முகாம் அமைப்பதிலிருந்து தடம் தொடர்வது, யானையை நெருங்குவது வரை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அதில் தோற்றுத் திரும்புகிறவர்கள் ஏராளம். தென்னாப்பிரிக்காவிலோ சில நாள் பயிற்சிப் பள்ளியை முடித்தே உரிமம் வாங்கிவிடலாம். மானுக்கு அது போதும். அங்கேயும் எருமையில் கைதேர்ந்த மிகச் சிறந்த வழிகாட்டிகள் இருக்கிறார்கள், ஆனால் அதை அந்தச் சான்றிதழ் உங்களுக்குச் சொல்லாது. அவர் எத்தனை எருமை வேட்டைகளை, எந்தக் காட்டில், யாரிடம் கற்று நடத்தினார் என்று தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்லவர்கள் கோபித்துக்கொள்வதில்லை, நாங்கள் தேர்ந்தெடுத்தவர் கேட்குமுன்பே எடுத்து மேசையில் வைத்தார்.

அவருக்கு முன்னால் வேறொருவரைப் பார்த்தோம். ஹராரேயில் ஒரு காபிக் கடையில் சந்திப்பு. உட்கார்ந்ததும் கைபேசியைத் திறந்து படம் காட்டத் தொடங்கினார். எருமை பாய்கிறது, இவர் சுடுகிறார், காலடியில் விழுகிறது. அடுத்ததில் யானை. அதற்கடுத்து இன்னொரு எருமை. அண்ணன் கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், “இவர்தான்டா ஆள், தம்பி” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு ஓட்டுநரை வேலைக்கு எடுக்கும்போது அவர் தான் தப்பித்த விபத்துகளையே வரிசையாகக் காட்டினால் என்ன நினைப்போம்? எருமை சும்மா பாய்வது குறைவு. பெரும்பாலும் அதற்கு முன்னால் ஏதோ நடந்திருக்கும்: தவறான கோணத்தில் ஒரு குண்டு, காற்று மாறியது தெரிந்தும் எடுத்து வைத்த ஓரடி, கன்றோடு நிற்கும் எருமைக்கு மிக அருகில் போனது. இத்தனை பாய்ச்சல்கள் ஒருவர் வாழ்வில் படமாகவே கிடைக்கின்றன என்றால், அவருக்கு முன்னால் ஏன் அடிக்கடி அப்படி நடக்கிறது என்று கேட்க வேண்டும். அண்ணனிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் வண்டி ஓட்டினார். பிறகு, “சரி, வேறு ஆளைப் பார்” என்றார்.

அடுத்தவர் ஐம்பதைக் கடந்தவர். முதல் அரைமணி நேரம் அவர்தான் கேள்வி கேட்டார். அண்ணனுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? வெயிலில் எத்தனை மணிநேரம் நடப்பார்? எந்தத் துப்பாக்கி? அதைத் தோளில் வைத்துக் கடைசியாக எப்போது சுட்டார்? மேசையில் சாய்த்து வைத்தா, முக்காலிக் கம்பில் வைத்தா, கையில் பிடித்தா? முதல் குண்டு போனதும் கண்ணை இலக்கிலிருந்து எடுக்காமல் அடுத்ததை ஏற்றப் பழகியிருக்கிறாரா? பதில்களைக் கேட்டுவிட்டு, வேட்டைக்கு முன் முக்காலிக் கம்பில் நின்றபடி நாற்பது மீட்டரில் பழக வேண்டும், தொலைவில் சுடும் பயிற்சியால் இங்கே பயனில்லை என்றார். வாடிக்கையாளரை எடைபோடாத வழிகாட்டி ஆபத்தானவர் என்பதை அன்று புரிந்துகொண்டேன். தன்னோடு வருகிறவரின் குறை தெரியாமல் அவர் எந்த அளவுக்கு நெருங்கலாம் என்று எப்படி முடிவு செய்வார்?

பிறகு எங்கள் முறை. கேட்டவற்றில் நான்கைந்து கேள்விகள் மிகவும் உதவின.

நீங்கள் எப்போது சுடுவீர்கள்? இதை முன்கூட்டியே பேசாமல் போகிறவர்கள் அதிகம். சில வழிகாட்டிகள் வாடிக்கையாளரின் முதல் குண்டு பட்டவுடனே தாங்களும் சுட்டுவிடுவார்கள். சிலர் விலங்கு தப்பி ஓடும்வரை, அல்லது தங்களை நோக்கி வரும்வரை காத்திருப்பார்கள். தன் வேட்டையில் வேறொருவர் குண்டு இருக்கக் கூடாது என்று நினைக்கும் வாடிக்கையாளர்களும் உண்டு. இவர் சொன்ன பதில் தெளிவாக இருந்தது: “திறந்த வெளியில் நின்றால் காத்திருப்பேன். ஜெஸ்ஸுக்கு அருகே நின்றால், உங்கள் குண்டு சரியில்லை என்று எனக்குத் தோன்றிய அந்த நொடியே சுடுவேன். இதற்குச் சம்மதம் இல்லையென்றால் இப்போதே சொல்லுங்கள், வேறொருவரின் எண் தருகிறேன்.”

என்ன துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள்? ஜிம்பாப்வே சட்டப்படி எருமை, யானை, நீர்யானைக்குக் குறைந்தது 9.2 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும், அதனால்தான் .375 எச் அண்ட் எச் (எண் அங்குலத்தில் விட்டம்) அங்கே வாடிக்கையாளர்களின் தொடக்க அளவு. 1912-இல் வந்த தோட்டா, இன்றும் ஓடுகிறது. ஆனால் பாய்ந்து வருவதை நிறுத்த வேண்டிய வழிகாட்டி அதைவிடப் பெரியதை வைத்திருப்பதே வழக்கம்: .416, .458, இரட்டைக்குழல் .470 அல்லது .500. இரட்டைக்குழலில் இரண்டாவது குண்டு உடனே கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து அடுத்த குண்டை ஏற்ற வேண்டிய போல்ட் ரைபிளில் மூன்று நான்கு குண்டுகள் இருக்கும். எது மேல் என்ற வாதம் முகாம் தீயைச் சுற்றி முடிவதே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது அதுவல்ல. அந்தத் துப்பாக்கி பழையதா, கைபட்டுத் தேய்ந்ததா, சுத்தமாக இருக்கிறதா, அதை அவரே சுமக்கிறாரா என்று பாருங்கள். துப்பாக்கியை உதவியாளர் தோளில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு நடப்பவரோடு நான் ஜெஸ்ஸுக்குள் போக மாட்டேன்.

தடம் பார்ப்பவர்கள் யார், எத்தனை காலமாக உங்களோடு இருக்கிறார்கள்? என் மதிப்பீட்டில் இதுவே மிகவும் கனமான கேள்வி. காயம்பட்ட எருமையைத் தொடரும்போது தடம் பார்ப்பவரின் கண் தரையில் இருக்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்க முடியாது. அதை வழிகாட்டி பார்க்கிறார். ஒருவர் தன் உயிரை மற்றவர் கண்ணில் ஒப்படைத்துவிட்டு நடக்கிறார். பருவத்துக்குப் பருவம் ஆள் மாறும் குழுவில் அந்த நம்பிக்கை எப்படி வரும்? இவரோடு இருந்தவர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்த கொரேகொரே மக்களில் ஒருவர், இவரோடு சேர்ந்தே முதுமைக்கு வந்துகொண்டிருந்தவர். இருவரும் காட்டில் பேசி நான் கேட்டதில்லை. விரலும் தலையசைப்பும் போதும். பகல் உணவின்போது வழிகாட்டி முதலில் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் தான் குடித்தார். இதைப் போன்றவற்றைச் சந்திப்பின்போது பார்க்க முடியாது, ஆனால் பழைய வாடிக்கையாளர்களிடம் கேட்கலாம்: தன் ஆட்களை எப்படி நடத்துகிறார்?

பழைய வாடிக்கையாளர்கள் என்றதும் ஒன்று. எல்லா நிறுவனமும் மகிழ்ச்சியோடு திரும்பியவர்களின் பெயர்களைத்தான் தரும். விலங்கு கிடைக்காமல் வெறுங்கையோடு போனவர்களின் தொடர்பு வேண்டும் என்று கேளுங்கள். தருகிறாரா என்பதே பாதிப் பதில். எங்களுக்கு ஒருவர் கிடைத்தார். தொலைபேசியில் அவர், “கடைசி நாள் மாலையில் ஒரு கடா நின்றது. சுட விடவில்லை. அப்போது கடும் கோபம். மறுபடியும் அவரோடுதான் போவேன்” என்றார். நான் விசாரணையை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது வழிகாட்டியின் பெயரை எழுத்தில் கேட்க வேண்டும். ஒருவரைக் காட்டி விற்றுவிட்டு, அந்த வாரத்தில் கிடைக்கும் வேறொருவரை அனுப்புவது நடக்கிறது. ஒரு வழிகாட்டிக்கு ஒரு வேட்டையாளர் என்றும் எழுதி வாங்குங்கள். இரண்டு பேருக்கு ஒருவர் என்றால் கட்டணம் குறையும், ஜெஸ்ஸுக்குள் கண்ணும் பாதியாகக் குறையும்.

பணத்தைப் பற்றி, கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நாள் வாடகை தனி, விலங்குக்கான கட்டணம் தனி. ஆப்பிரிக்காவில் பொதுவான விதி: காயம்பட்டு ரத்தம் சிந்தினால், அது கிடைக்காமல் தப்பினாலும் முழுக் கட்டணம். இதை வாடிக்கையாளர்கள் தங்கள் இழப்பாக மட்டும் பார்க்கிறார்கள். மறுபக்கம் பாருங்கள். மோசமான கோணத்தில் உங்களைச் சுட விடுகிற வழிகாட்டியால் நிறுவனத்துக்கு ஒரு காசும் நட்டமில்லை. விலங்கு விழுந்தாலும் வருமானம், தப்பினாலும் வருமானம். நல்ல அன்பளிப்பும் மகிழ்ந்த வாடிக்கையாளரும் வேண்டுமென்றால் “சுடு” என்று சொல்வதே எளிது. “வேண்டாம்” என்று சொல்கிறவர் அதனால் எதையும் சம்பாதிப்பதில்லை. உங்கள் கோபத்தைத்தான் சம்பாதிக்கிறார். ஆகவே ஒருவர் சுட விடாமல் தடுத்த கதைகளே அவரைப் பற்றிக் கிடைக்கக்கூடிய மிக நம்பகமான சான்று. கணக்கில் எதிர்ப்பக்கம் லாபமே இல்லாத பதிவை யாரும் பொய்யாக எழுதுவதில்லை.

அந்த வேட்டையில் அப்படி மூன்று முறை தடுத்தார்.

காலையில் நீர்நிலைகளைச் சுற்றிப் பார்த்துப் புதிய தடத்தைப் பிடிப்பார்கள். சாணத்தைக் கையில் தொட்டுச் சூடு பார்ப்பார்கள். சாம்பல் நிரப்பிய சிறு துணிப்பையை வழிகாட்டி நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக் காற்றைப் பார்ப்பார். எருமையின் மூக்குக்கு நம் வாசம் போனால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது. அப்படி நெடுநேரம் தொடர்ந்து ஒரு பெரிய கூட்டத்தை அடைந்தோம். மோப்பேன் மரங்களுக்கிடையே நல்ல கடா ஒன்று பக்கவாட்டில் நின்றது. அண்ணன் முக்காலிக் கம்பில் துப்பாக்கியை வைத்துவிட்டார். வழிகாட்டியின் உள்ளங்கை குழலின் மேல் வந்து படிந்தது. கடாவுக்குப் பின்னால் புல்லுக்குள் ஒரு எருமையின் முதுகு. குண்டு ஊடுருவிப் போனால் அதையும் காயப்படுத்தும். ஒரே குண்டில் இரண்டு காயம்பட்ட எருமைகள். காத்திருந்தோம். கூட்டம் நகர்ந்துவிட்டது.

இரண்டாவது முறை கொம்பு விரிந்த ஒரு கடா, தனியாக, முப்பது மீட்டரில். பார்த்தவர் யாருக்கும் வாய் பிளக்கும் கொம்பு. இவர் தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நெற்றியில் இரண்டு கொம்பும் சேரும் இடம் இன்னும் கெட்டியாகவில்லை, நடுவே மயிர் இருந்தது. இளங்கடா, கூட்டத்தில் இனம் பெருக்க வேண்டிய வயது. சட்டம் தடுக்காவிட்டாலும் சுடக் கூடாது என்றார். அன்றிரவு அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாவது முறை மாலை, சூரியன் மரங்களுக்குக் கீழே இறங்கிவிட்ட நேரம். கிழட்டுக் கடாக்கள் இரண்டு நீரை நோக்கி நடந்தன. “இன்னும் வெளிச்சம் இருக்கிறதே” என்று அண்ணன் காதில் சொன்னார். சுட வெளிச்சம் இருந்தது உண்மை. தேட வெளிச்சம் இல்லை. காயம்பட்டதை இருட்டில் தொடர முடியாது. இரவு முழுக்க அது துன்பப்படும், காலையில் நமக்காகக் காத்திருக்கும். யாருக்காவது அடிபட்டால் ஹராரேயிலிருந்து சிறு விமானம் வர வேண்டும், விளக்கில்லாத மண் ஓடுதளத்தில் இருட்டியபின் அது இறங்காது. முகாமுக்குத் திரும்பும் வழியில் இந்தக் கணக்கை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணன் முதல்முறையாக எதிர்வாதம் செய்யவில்லை.

சுட்டது ஒரு நடுக்காலையில். தனிக்கடா, பின்னால் எதுவும் இல்லை, முன்னங்காலுக்கு நேரே மேலே உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு தெளிவாகத் தெரிந்தது. எருமையின் இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கிறது. அங்கேதான் சுட வேண்டும் என்று முகாமில் படம் வரைந்து காட்டியிருந்தார். அண்ணன் சுட்டார். கடா ஒரு குலுங்கலோடு திரும்பியது, அதே நொடியில் வழிகாட்டியின் துப்பாக்கியும் வெடித்தது. கடா ஜெஸ்ஸுக்குள் மறைந்துவிட்டது.

அதன்பின் நடந்தவற்றில்தான் ஒரு வழிகாட்டியின் முழு உயரமும் தெரிகிறது. யாரும் ஓடவில்லை. இருவரும் துப்பாக்கிகளை நிரப்பிக்கொண்டார்கள். இறக்கும் எருமை நீண்ட குரலில் முனகும். அதற்காகக் காது கொடுத்து அரைமணி நேரம் போல நின்றோம். குரல் வரவில்லை. தடம் பார்ப்பவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். வழிகாட்டி என்னிடம் வந்து, ஒரு பருத்த மரத்தைக் காட்டி, மாவட்டக் குழுவின் காவலரோடு அதன் பின்னால் நில், அழைக்கும்வரை நகராதே என்றார். அண்ணனிடம், என் வலப்பக்கம், என் தோளுக்கு இணையாக, பின்னால் வராதே என்றார். பின்னால் வருகிறவரின் துப்பாக்கிமுனை யார் முதுகை நோக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில வழிகாட்டிகள் இந்தக் கட்டத்தில் வாடிக்கையாளரை விட்டுவிட்டே போவார்கள். அதுவும் சரியான முடிவுதான். எதுவானாலும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

அவர்கள் உள்ளே போனபின் எனக்குத் தெரிந்தது ஒலி மட்டும். காய்ந்த இலை நொறுங்கும் ஓசை. பிறகு அதுவும் இல்லை. எருமையின் முதுகில் உண்ணி கொத்தும் பறவைகள் இரைச்சலோடு எழுந்தன. காவலர் என் கையைப் பிடித்தார். அடுத்தடுத்து மூன்று வெடிகள். பிறகு அந்த முனகல்.

பின்னால் அண்ணன் சொன்னார். கடா நேராக ஓடாமல் வளைந்து வந்து, தன் தடத்தையே பார்த்தபடி படுத்திருந்தது. தடம் பார்ப்பவர் தரையிலிருந்து நிமிர்ந்து ஒரு விரலை நீட்டினார். காது ஒன்று அசைந்ததை அவர் பார்த்திருக்கிறார். அண்ணனுக்கு நிழல்தான் தெரிந்தது. வழிகாட்டி அவரைத் தோளால் ஓரடி நகர்த்தி இடைவெளியைக் காட்டினார். எழுவதற்குள் சுட்டார்கள். விழுந்தபின்னும் நேரே போகவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போய் இன்னொரு குண்டு வைத்து, குழல்முனையால் கண்ணைத் தொட்டு, இமை அசையவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள். மாலைக்குள் இறைச்சி முழுவதும் ஊர் மக்களுக்குப் போனது, குடலைக்கூட வீணாக்கவில்லை.

இத்தனை இருந்தும் உத்தரவாதம் எதுவும் இல்லை. 2017 மே மாதம் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பகுதியில் மிகுந்த அனுபவமுள்ள தென்னாப்பிரிக்க வழிகாட்டி ஒருவர் யானைக்கூட்டத்திடம் சிக்கி இறந்தார். பாய்ந்து வந்த யானைகளை அவர் சுட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டிலிருந்து வந்த இன்னொன்று அவரைத் தூக்கியது. குழுவில் இன்னொருவர் அதைச் சுட்டபோது அது அவர் மேலேயே விழுந்தது. ஆகவே மருத்துவ ஏற்பாட்டையும் கேட்டுவிடுங்கள்: செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறதா, விமான மீட்புக்குப் பதிவு உண்டா, ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டும் பட்டை யார் இடுப்பில் இருக்கிறது, வண்டியிலா, உடம்பிலா? வேட்டை தொடங்குமுன் பதிவாக வேண்டிய டிஆர் 2 என்ற ஜிம்பாப்வே வேட்டைப் பதிவுப் படிவத்தைப் பார்த்துவிடுங்கள். அது இல்லாத வேட்டையில் உங்கள் பாதுகாப்பும் சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

துப்பாக்கியே தொடாமல், விலங்குகளைப் பார்க்க மட்டும் நடக்க விரும்பும் தமிழர்கள் இப்போது நிறையப் போகிறார்கள். அவர்களுக்கும் இதே விசாரணை பொருந்தும். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் தேசியப் பூங்காவில் யானையை நடந்தே நெருங்க வைப்பவரும் மேலே சொன்ன கடுமையான உரிமப் பாதையில் வந்தவராக இருக்க வேண்டும். பயில்பவர் உரிமத்தோடு உங்களைத் தனியே நடத்திக் கூட்டிப்போகச் சம்மதிப்பவரை மறுத்துவிடுங்கள். ஜாம்பியாவின் தென் லுவாங்வாவில் வழிகாட்டியோடு துப்பாக்கி ஏந்திய வனக்காவலரும் வருவார். அந்த இருவரும் சேர்ந்து நடந்து பழகியவர்களா என்று கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் க்ரூகரில் 1978 முதல் நடக்கும் வனநடைகளில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, துப்பாக்கியோடு இரண்டு வழிகாட்டிகள். எங்கே போனாலும் முகாமை விட்டுக் கிளம்புமுன் கையசைவுகளை அவர் சொல்லித்தருகிறாரா என்று கவனியுங்கள்: நில், உட்கார், மெல்லப் பின்வாங்கு, ஓடாதே. யாராவது ஒருவர் காட்டில் பளிச்சென்று தெரியும் வெள்ளைச் சட்டை போட்டு வந்தால், மாற்றிக்கொண்டு வரச் சொல்லி மொத்தக் குழுவையும் காக்க வைக்கிறாரா என்றும் பாருங்கள். “பரவாயில்லை, வாருங்கள்” என்று அதற்கே இணங்கிவிடுகிறவரிடம், அன்றைய நடை வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடலாம். பெரும்பாலான முகாம்களில் வேறு வழிகாட்டி இருப்பார், கேட்டால் மாற்றித் தருவார்கள்.